பத்த வைக்கிறதுக்கு முன்னாடி: பியூட்டேன் சோல்டரிங் அயர்ன் வாங்கலாமா?



லிவர்மோர்னு சொன்னா பே ஏரியாவில் வளர்ந்த நம்ம பசங்க பாதி பேருக்கு சிவா விஷ்ணு கோயில்தான் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில தூக்கத்திலேயே காரில் ஏத்தி, 580ல கூட்டிட்டு வந்து, புளியோதரை வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிட்டுப் போவாங்க. அந்த வழியில கிழக்கே பார்த்தா காய்ஞ்ச மஞ்சள் மலையும் வரிசையா காற்றாலைகளும் தெரியும். அதுதான் ஆல்டமான்ட். இந்த வாரக் கதை அந்த மலை மேலதான் ஆரம்பிக்குது.

எபிசோடுல கையடக்க சோல்டரிங் அயர்ன் பத்திப் பேச ஆரம்பிச்சு, நேரம் போதாம பாதியில விட்டோம். "கேஸ்ல ஓடுறது வாங்கலாமா, யூஎஸ்பி வாங்கலாமா?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் ஒரு வரியில அடங்காது. அடக்கப் பார்த்துத்தான் நான் மாட்டிக்கிட்டேன்.

பத்து விநாடி

நான் ஐ.டி. கான்ட்ராக்டர். படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனா சம்பாத்தியத்துல பாதி இப்போ நெட்வொர்க் கேபிள் இழுக்கிறதுலயும் கேமரா மாட்டுறதுலயும்தான் வருது. போன வருஷம் ஜூலையில ஆல்டமான்ட் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில வேலை. மலை மேல ஒரு கேட். அதுல ஒரு சென்சார், ஒரு கேமரா, ஒரு சோலார் பேனல், 12 வோல்ட் பேட்டரி. கேட் திறந்தா பண்ணைக்காரர் போனுக்குத் தகவல் போகணும். ரெண்டு நாளா போகலை.

போய்ப் பார்த்தா, பைப்புக்குள்ள போற சென்சார் வயரை தரை அணில் கடிச்சு வெச்சிருக்கு. தலைமுடி மாதிரி 22 கேஜ் வயர். என் வேன் 300 மீட்டர் கீழ நிக்குது. பிளக் பாயின்ட் கிடையாது. இந்த மாதிரி இடத்துக்குன்னே 25 டாலர் கொடுத்து ஒரு பியூட்டேன் சோல்டரிங் அயர்ன் வாங்கி பையில வெச்சிருந்தேன். "ஜ்வாலை இல்லாத சூடு"ன்னு அட்டையில போட்டிருந்தது. அந்த வரியை நான் "நெருப்பு அபாயம் இல்லை"ன்னு படிச்சுக்கிட்டேன்.

வயரைச் சீவி, முறுக்கி, ஈயம் வெச்சேன். அழகா ஓடிப் பிடிச்சுக்கிச்சு. அடுத்தது ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை இழுத்து இணைப்பு மேல விடணும். அதுக்கு ரெண்டு கையும் வேணும். அயர்னை எங்க வைக்கிறது? பக்கத்துல தரையில வெச்சேன். பத்து விநாடிதான்.

முதல்ல வாசனை வந்தது. அப்புறம் புகை. திரும்பறதுக்குள்ள என் உள்ளங்கை அளவு புல் கறுத்து, ஓரத்துல ஒரு சிவப்புக் கோடு காத்துல நகர்ந்துக்கிட்டிருந்தது. பூட்ஸால மிதிச்சேன். தண்ணி பாட்டிலைக் கவுத்தேன். பண்ணைக்காரர் எதுவும் பேசலை. தன்னோட டிரக்கிலிருந்து அஞ்சு கேலன் கேனைத் தூக்கிட்டு வந்து, முழுசா அந்த இடத்துல ஊத்தினார். அப்புறம் குனிஞ்சு, வெறும் கையால தரையைத் தொட்டு, சூடு இருக்கான்னு பார்த்தார். அவ்வளவுதான்.

அவர் ஏன் அப்படிப் பார்த்தார்னு இந்த ஊர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட்ல மின்னல் விழுந்து பத்தின எஸ்.சி.யூ. லைட்னிங் காம்ப்ளெக்ஸ் தீ, இந்தப் பக்கத்து மலைகளையும் சேர்த்து ஐந்து கவுன்டிகளில் சுமார் 3,96,000 ஏக்கரை எரிச்சது. அது மின்னல். என்னோடது 25 டாலர் அயர்ன். காஞ்ச புல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

உள்ளே என்ன நடக்குது?

வீட்டுக்கு வந்து அதைப் பிரிச்சுப் பார்த்தேன். முதல்லயே பண்ணியிருக்க வேண்டிய வேலை.

கைப்பிடிதான் டேங்க். சிகரெட் லைட்டர்ல இருக்கிற அதே பியூட்டேன், அழுத்தத்துல திரவமா இருக்கு. வால்வைத் திறந்தா வாயுவா வெளிய வந்து, பக்கத்து ஓட்டை வழியா காத்தையும் இழுத்துக் கலந்துக்கிட்டு, டிப்புக்குள்ள போகுது. அங்க பிளாட்டினம் மாதிரி உலோகம் பூசின ஒரு சின்ன வலையோ பஞ்சோ இருக்கும். அதுதான் கேட்டலிஸ்ட். முதல்ல பொறி தட்டி கொஞ்ச நேரம் ஜ்வாலையாவே எரிய விடணும். கேட்டலிஸ்ட் சூடானதும் ஜ்வாலை அணைஞ்சிடும். ஆனா வாயு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். உலோகத்தோட மேற்பரப்புல, சத்தமில்லாம, தணல் மாதிரி.

இது புது விஷயம் இல்லை. சுரங்க விளக்கு கண்டுபிடிச்ச ஹம்ப்ரி டேவி 1817லேயே இதை எழுதி வெச்சிருக்கார்: எரிவாயுவும் காத்தும் கலந்த இடத்துல சூடான பிளாட்டினக் கம்பியை வெச்சா, ஜ்வாலையே இல்லாம கம்பி செக்கச் சிவந்து ஒளிரும்.

அப்ப ஜ்வாலைதான் இல்லை. எரிஞ்ச வாயு எங்க போகும்? டிப் பக்கத்துல ஒரு சின்ன துவாரம் இருக்கும். எல்லா சூட்டுக் காத்தும் அது வழியாத்தான் வெளிய பீச்சும். நான் அயர்னை வெச்சப்போ அந்தத் துவாரம் புல்லைப் பார்த்திருந்தது. பெட்டிக்குள்ள வேலை செய்யும்போது அதே துவாரம் பக்கத்து வயரோட இன்சுலேஷனைப் பார்த்திருக்கும். டாஷ்போர்டுக்கு அடியிலன்னா பிளாஸ்டிக்கைப் பார்த்திருக்கும்.

அப்பா கிட்ட இதைச் சொன்னப்போ சிரிச்சார். அவர் மதுரையில காலேஜ் படிக்கும்போது ஒரு டிவி ரிப்பேர் கடையில எடுபிடியா நின்னவர். அவர் பாஷையில இது சால்டரிங் ராடு, ஈயம், பேஸ்ட். வேலைக்குப் பேரு பத்த வைக்கிறது. "டேய், தமிழ்ல ஒட்ட வைக்கிறதுக்கும் பத்த வைக்கிறதுதான், தீ வைக்கிறதுக்கும் பத்த வைக்கிறதுதான். நீ ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணிட்ட"ன்னார். பரட்டை மீம் அனுப்புறவங்களுக்கு இப்போ இன்னொரு அர்த்தமும் கிடைச்சாச்சு.

ஈயச் சொம்பு சொல்ற பாடம்

அயர்ன் வாங்கும்போது எல்லாரும் முதல்ல பார்க்கிறது வெப்பநிலையையும் வாட்டையும்தான். அதைப் புரிஞ்சுக்க டேட்டா ஷீட்டை விட அம்மாவோட ஈயச் சொம்பு நல்ல உதாரணம்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு நிறைய வீட்டுல இருக்கும். பேரு ஈயம்னாலும் அது இருக்க வேண்டியது வெள்ளீயம். அது காரீயத்திலிருந்து வேற உலோகம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். அடுப்பு ஜ்வாலை அதைவிட எவ்வளவோ சூடு. ஆனாலும் ரசம் கொதிக்கும்போது சொம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஏன்னா உள்ள இருக்கிற தண்ணி 100 டிகிரியில கொதிச்சு, வர்ற சூட்டையெல்லாம் இழுத்துக்குது. வெறும் சொம்பை அடுப்புல வெச்சுப் பாருங்க (வைக்காதீங்க), ரெண்டு நிமிஷத்துல குழம்பாகிடும். எங்க வீட்டுல ஒரு சொம்பு அப்படித்தான் போச்சு. அம்மா இன்னும் மன்னிக்கலை.

சோல்டரும் அதே வெள்ளீயத்தோட குடும்பம்தான். வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு கலந்த கம்பி 183 டிகிரியில உருகும். காரீயம் இல்லாத, வெள்ளியும் செம்பும் கொஞ்சம் சேர்ந்த வகை 217 டிகிரிக்கு மேல. அப்ப 400 டிகிரிக்குப் போற எந்த அயர்னும் போதுமே? போதாது. மெல்லிய சென்சார் வயர் வெறும் சொம்பு மாதிரி, தொட்டவுடனே சூடாகிடும். 10 கேஜ் பேட்டரி வயர் ரசம் நிறைஞ்ச சொம்பு மாதிரி. நீங்க கொடுக்கிற சூட்டையெல்லாம் செம்பு அந்தப் பக்கம் கடத்திக்கிட்டே இருக்கும். டிப் எவ்வளவு சூடுங்கிறதை விட, இழந்த சூட்டை எவ்வளவு வேகமா நிரப்புதுங்கிறதுதான் முக்கியம்.

இங்கதான் பியூட்டேன் அயர்னோட ஒரு குறை தெரியும். பெரும்பாலான மாடல்ல இருக்கிறது வெறும் கேஸ் குமிழ்தான், அடுப்பு குமிழ் மாதிரி. டிப் எத்தனை டிகிரியில இருக்குன்னு அதுக்குத் தெரியாது. சும்மா பிடிச்சுக்கிட்டிருந்தா சூடு ஏறிக்கிட்டே போகும். தடி வயரைத் தொட்டா சட்டுன்னு இறங்கும். சென்சார் இல்லாத ஓப்பன் லூப். அந்த லூப்பை மூடுற சென்சார் நீங்கதான்: ஈயம் ஓடுற விதம், பேஸ்ட் புகையிற விதம், இன்சுலேஷன் சுருங்கற விதம். அட்டையில "80 வாட்டுக்குச் சமம்"னு இருந்தா அதை அளவீடா எடுத்துக்காதீங்க, ஒப்பீடா எடுத்துக்கோங்க.

6 கிராமுக்கு எதிரா ஒரு பவர் பேங்க்

குறையை மட்டும் சொன்னா நியாயமில்லை. கணக்குப் போட்டா கேஸோட பலம் அசர வைக்கும்.

10 மில்லி பியூட்டேன் சுமார் 6 கிராம் எடை. ஒரு கிராம் எரிஞ்சா ஏறக்குறைய 45 கிலோஜூல். மொத்தம் கிட்டத்தட்ட 265 கிலோஜூல், அதாவது 73 வாட்-மணி. உங்க பையில இருக்கிற 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் எவ்வளவு? 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட்-மணி. ரெண்டும் ஒண்ணு! ஒண்ணு ரெண்டு டீஸ்பூன் திரவம், இன்னொண்ணு செங்கல்.

இதே ஊர்ல இருக்கிற லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துல 2022 டிசம்பர் 5 அன்னிக்கு 192 லேசரால 2.05 மெகாஜூல் கொடுத்து, அணுக்கரு இணைவுல 3.15 மெகாஜூல் எடுத்தாங்க. அந்த 3.15 மெகாஜூல் சுமார் 70 கிராம் பியூட்டேனுக்குள்ள இருக்கிற ஆற்றல். அவங்க சாதனையைக் குறைச்சுச் சொல்லலை. அது நடந்த நேரம் கண் சிமிட்டுறதை விட எவ்வளவோ குறைவு. நம்ம சட்டைப் பையில எவ்வளவு நெருப்பைத் தூக்கிட்டுத் திரியறோம்னு காட்டத்தான் சொன்னேன்.

ஆனா அந்த 73 வாட்-மணியும் வயருக்குப் போய்ச் சேராது. ஒரு பெரிய பங்கு துவாரம் வழியா சூட்டுக் காத்தா போயிடும். அந்தக் காத்து முழுக்க வீண்னும் சொல்ல முடியாது. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சுருக்க அதுவே போதும். நிறைய பியூட்டேன் அயர்ன்ல டிப்பைக் கழட்டினா ஹாட் பிளோயரா மாறும். பிளக் இல்லாத இடத்துல ஈயமும் வெச்சு ஸ்லீவும் சுருக்க ஒரே கருவி போதும்.

குளிர் இன்னொரு கணக்கு. சுத்தமான பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழ கொதிக்காது. கொதிக்கலைன்னா அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லைன்னா வாயு வெளிய வராது. லிவர்மோர்ல ஜனவரி காலையில வேன்ல கிடந்த அயர்ன் சோம்பலா எரியும். டாஹோ பனியில பத்தவே பத்தாது. உள் பாக்கெட்ல கொஞ்ச நேரம் வெச்சிருந்தா சரியாகிடும். காத்து இன்னொரு எதிரி: பலமா அடிச்சா கேட்டலிஸ்ட் சூடு இழந்து எரிதல் நின்னுடும், வாயு மட்டும் எரியாம வெளிய வந்துக்கிட்டிருக்கும்.

யூஎஸ்பி கட்சி

உங்கள்ல பாதி பேர் பைன்சில் பத்திக் கேட்டீங்க. பைன்64 ஆளுங்க போடுற சின்ன அயர்ன். உள்ள ரிஸ்க்-ஃபைவ் சிப், மேல ஓப்பன் சோர்ஸ் அயர்ன்ஓஎஸ். சோல்டரிங் அயர்னுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போடுற சந்தோஷத்தை கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன் கிட்ட விளக்க வேண்டாம்.

இதுல டிப்போட சூடு அளக்கப்படுது. 320னு வெச்சா 320ல நிக்கும். கையைக் கீழ வெச்சா தானே தூங்கிடும். ஜ்வாலையும் இல்லை, சூட்டுக் காத்தும் இல்லை.

ஒரு கணக்கை மட்டும் மறக்காதீங்க. வழக்கமான டிப்போட மின்தடை சுமார் 8 ஓம். வோல்ட்டேஜை வர்க்கம் பண்ணி 8ஆல வகுங்க. 20 வோல்ட் கிடைச்சா 50 வாட். 12 வோல்ட்ல 18 வாட். சாதாரண 5 வோல்ட்ல 3 வாட்தான். ஈ கூட சூடாகாது. "வேலை செய்யலை"ன்னு திட்டுறவங்கள்ல பாதி பேர் பழைய பவர் பேங்க்ல சொருகியிருப்பாங்க. பவர் டெலிவரியில 20 வோல்ட், 3 ஆம்பியர் கொடுக்கிற பவர் பேங்க்கும் அதைத் தாங்கற கேபிளும் வேணும்.

ஊருக்குப் போறப்போ இன்னொரு விஷயம். 100 வாட்-மணிக்கு உள்ள பவர் பேங்க்கை விமானத்துல கைப்பையில கொண்டு போகலாம். பியூட்டேன் டின்னையோ கேஸ் நிரப்பின அயர்னையோ கைப்பையிலயும் கொண்டு போக முடியாது, செக்-இன் பெட்டியிலயும் வைக்க முடியாது. சென்னையில சித்தப்பா வீட்டு ஸ்பீக்கரைச் சரி பண்ணப் போற ஆளுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கடையில என்ன பார்க்கிறது?

சரி, கேஸ்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்க. என் தப்பிலிருந்து வந்த பட்டியல் இது.

ஒண்ணு, துவாரம். சூட்டுக் காத்து எந்தப் பக்கம் பீச்சுதுன்னு பாருங்க. டிப்பைத் திருப்பி வெச்சு திசையை மாத்த முடிஞ்சா நல்லது.

ரெண்டு, நிக்கிற வசதி. கீழ வெச்சா உருளுமா? சூடான டிப் தரையைத் தொடாம தூக்கி நிறுத்துற ஸ்டாண்டு கூட வருதா? என்னோடதுல இல்லை. இருந்திருந்தா இந்தக் கட்டுரையே இல்லை.

மூணு, மூடி. நல்ல மாடல்ல மூடியை மாட்டினா சுவிட்ச் தானே அணையற மாதிரியோ, அணைக்காம மூடியே மாட்ட முடியாத மாதிரியோ செஞ்சிருப்பாங்க. பையில போட்டதுக்கப்புறம் தப்பித் தவறி ஆன் ஆகிற அயர்ன் வேண்டாம்.

நாலு, டிப் கிடைக்குமா? கேட்டலிஸ்ட் பெரும்பாலும் டிப்போட சேர்ந்தே வரும். கொஞ்ச காலம் ஓடினதும் அது செத்துடும். அப்போ தனியா டிப் வாங்க முடியலைன்னா மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அயர்லாந்துக்காரங்க போர்ட்டாசோல், வெல்லர், தைவான்ல செய்யற ஐரோடா மாதிரி பேருள்ள மாடல்களுக்குக் கூடுதலா காசு கொடுக்கிறதுல அர்த்தம் இருக்கிறது இதனாலதான்.

அஞ்சு, கேஸ் தெரியற ஜன்னல். பாதி வேலையில தீர்ந்து போகுமா இல்லையான்னு ஏணி மேல ஏறுறதுக்கு முன்னாடியே தெரியணும்.

கேஸ் நிரப்புறதுக்கும் ஒரு முறை இருக்கு. அணைச்சு, முழுசா ஆறின பிறகு, வெளிக்காத்துல, தலைகீழா பிடிச்சு நிரப்புங்க. நிரப்பின கையோட பத்த வைக்காதீங்க. சிந்தின வாயு கலையட்டும். பியூட்டேன் காத்தை விட ரெண்டு மடங்கு கனம். மேல போகாது, பள்ளத்துல போய்த் தேங்கும். வீட்டுக்கு அடியில இருக்கிற கிரால் ஸ்பேஸ், படகோட அடித்தட்டு, கார் தரை, இங்கெல்லாம் நிரப்பவே கூடாது. டின்னை 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல சூடாக விடாதேன்னு லேபிள்லயே இருக்கும். லிவர்மோர் கோடையில மூடின காருக்குள்ள அது மதியத்துக்குள்ள வந்துடும்.

இன்னும் ரெண்டு விஷயம். பேஸ்ட் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும், முகத்துக்கு நேரா வேண்டாம். காரீயம் கலந்த கம்பியைத் தொட்ட கையைக் கழுவாம வடையைத் தொடாதீங்க.

ஈயமே வேணுமா?

இந்தக் கேள்வியை நான் கடைசியாக் கேட்டேன். முதல்ல கேட்டிருக்கணும்.

எங்க ஊர்ல 1901லிருந்து எரியற ஒரு பல்பு இருக்கு. ஃபயர் ஸ்டேஷன் 6ல, சும்மா 4 வாட்ல மினுக்கிக்கிட்டிருக்கும். 2013 மே மாசம் ஒரு ராத்திரி வெப்கேமராவுல பார்த்தவங்க பதறிட்டாங்க: பல்பு அணைஞ்சு கிடக்கு. மறுநாள் காலையில எலக்ட்ரீஷியன் வந்து, எக்ஸ்டென்ஷன் கார்டு போட்டு நேரா இணைச்சா, பல்பு எரியுது. போனது பல்பைக் காப்பாத்த வெச்சிருந்த யூபிஎஸ். வயரிங் வேலையில இது தினமும் நடக்கிற கதை. கருவியை எடுக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க. இணைப்பு நல்லாத்தான் இருக்குன்னா எந்த அயர்னும் தேவையில்லை.

இணைப்புதான் பிரச்சினைன்னாலும், ஈயம் எப்பவுமே பதில் இல்லை. அமெரிக்க நேஷனல் எலக்ட்ரிகல் கோடு 110.14 என்ன சொல்லுதுன்னா, வயர்கள் ஈயம் இல்லாமலேயே இறுக்கமாவும் மின்சாரம் ஒழுங்காப் போற மாதிரியும் முதல்ல இணைஞ்சிருக்கணும்; அதுக்கப்புறம்தான் ஈயம். படகு வயரிங்குக்கான ஏபிஒய்சி ஈ-11 தரமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது: ஈயம் மட்டுமே பிடிமானமா இருக்கக் கூடாது.

காரணம் எளிது. பல இழை வயர்ல ஈயம் இழைகளுக்கு நடுவுல ஊறி மேல ஏறும். ஏறின வரைக்கும் வயர் கம்பி மாதிரி விறைச்சிடும். அது நிக்கிற எல்லையில, அதிர்வு வர வர, வளைஞ்சு வளைஞ்சு ஒரு நாள் உடையும். கார், படகு, காத்துல ஆடுற கேட், எல்லாமே அதிர்ற இடங்கள்.

அதனால என் கணக்கு இப்போ இப்படி. வீட்டு 120 வோல்ட் வயரிங்னா வயர் நட் அல்லது வாகோ லீவர் கனெக்டர், அதுவும் பெட்டிக்குள்ள. கார், டிரெய்லர்னா நல்ல ராட்செட் கிரிம்பரும் உள்ளே பசை இருக்கிற ஸ்லீவ் கனெக்டரும். ஈதர்நெட் கேபிள்னா பன்ச் டவுன். அதுல ஈயம் வைக்கிறவங்க கூட நான் பேச மாட்டேன். மேஜைக்குக் கொண்டு வர முடிஞ்ச எதுவா இருந்தாலும் பைன்சில். மேஜைக்கு வராத, பிளக் இல்லாத, பவர் பேங்க் சூடு போதாத, ஆனா ஈயம்தான் வேணும்ங்கிற வேலைக்கு மட்டும் பியூட்டேன்: ஏணி மேல ஒரு தடி எல்இடி லீடு, ஆன்டெனா கம்பத்துல ஒரு கனெக்டர். வருஷத்துல பத்து நாள் இருக்கும். அந்தப் பத்து நாளும் அதை அடிச்சுக்க வேற ஆள் கிடையாது.

வாங்கணுமா வேண்டாமான்னு கேட்டா, இப்போ நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேக்கறேன். எவ்வளவு சூடாகும்னு விடுங்க. சூடா இருக்கும்போது அதை எங்க வைப்பீங்க? கான்கிரீட், உலோகத் தட்டு, ஈரத் துணி போட்ட பக்கெட்னு பதில் இருந்தா வாங்குங்க. "பக்கத்துல எங்கயாவது"ன்னா வேண்டாம். ரெட் ஃபிளாக் எச்சரிக்கை இருக்கிற நாள்ல, புல்வெளியில, எந்தப் பதிலா இருந்தாலும் வேண்டாம்.

மறுபடியும் அந்த கேட்

ஒரு வாரம் கழிச்சு அதே பண்ணைக்குப் போனேன். நான் வெச்ச இணைப்பு நல்லாத்தான் இருந்தது. ஆனா காத்துல ஆடுற கேட், விறைச்ச வயர். எத்தனை நாள் தாங்கும்னு எனக்கே நம்பிக்கை இல்லை. வெட்டி எடுத்தேன். டெலிபோன் லைன்காரங்க பயன்படுத்தற சின்ன கனெக்டர் ஒண்ணு இருக்கு. உள்ளே ஜெல் நிரப்பியிருக்கும். வயரைச் சீவக்கூட வேண்டாம். ரெண்டு வயரையும் சொருகி, பிளையரால ஒரு அமுக்கு. ஜெல் பிதுங்கி வெளிய வரும், ஈரம் உள்ள போகாது. ஒண்ணுக்குச் சில சென்ட்தான். கடிச்ச இடத்துக்கு மேல அணில் பல்லு ஏறாத உலோகக் குழாய் ஒண்ணு போட்டேன். மொத்தம் இருபது நிமிஷம். நெருப்பே தேவைப்படலை.

பண்ணைக்காரர் வந்து கேட்டைத் திறந்தார். போன் அடிச்சது. மூடினார். மறுபடி திறந்தார், மறுபடி அடிச்சது. "எங்க அந்த கேஸ் சாமான்?"னு கேட்டார். வேன்ல இருக்குன்னேன். "அங்கயே இருக்கட்டும்"ன்னார்.

அந்தக் கறுப்பு வட்டம் இன்னும் அங்கேயே இருந்தது. அம்மாவோட சொம்பு மூடி அளவு இருக்கும்.

புது அயர்ன் ஒண்ணு வாங்கியிருக்கேன், ஸ்டாண்டோட. கூடவே வேன்ல ஒரு பழைய எவர்சில்வர் தட்டு, ஒரு கேலன் தண்ணி, ஒரு சின்ன ஃபயர் எக்ஸ்டிங்விஷர். நீங்க வாங்கினா, எதை வாங்கினீங்கன்னு மட்டும் எழுதாதீங்க. சூடா இருக்கும்போது எது மேல வெச்சீங்கன்னு ஒரு போட்டோ அனுப்புங்க. நல்லா இருக்கிறதை அடுத்த இதழ்ல போடறேன்.